ஆறு வாரக் கோதுமை

என் மனைவி பெனிட்டாவின் வயிற்றுக்கு என்ன கோளாறு என்று எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் கையில் வைத்திருந்தார்கள். என் அக்கா செலின், கண்ணேறு என்றாள். எதிர்வீட்டில் வாயு என்றார்கள். காட்டூரில் வயல் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. இருந்ததிலேயே மட்டமான பதில் என்னுடையதுதான். அதை அதன் இடத்தில் சொல்கிறேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. படகில் நாலு பேரை வேலை வாங்க அது உதவும். வீட்டுக்கு உதவாது என்று விளங்க எனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு ஃபைபர் படகில் எனக்குப் பங்கு உண்டு. விடியும் முன்னே கிளம்பினால் பத்து மணிக்குக் கரை. மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, வலையை உதறிப் போட்டு, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். எழுந்ததும் பாலத்தைத் தாண்டிப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். ஆக, பெனிட்டாவின் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வயிறு உப்பிக்கொள்கிறது, கழிச்சல் நிற்கவில்லை, தலை சுற்றுகிறது என்பாள். சோடா குடி என்பேன். ஒன்பது வருடத்தில் அவள் குடித்த சோடாவை எங்கள் குப்பமே சேர்ந்து குடித்திருக்காது.

அவள்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாசத்தைக் காட்டிய விதம்தான் வினையாகப் போனது. பாடு நன்றாக இருந்த நாட்களில், அதாவது வலை கொள்ளாமல் மீன் விழுந்த நாட்களில், ஆதிகேசவன் கடையில் நாலு பரோட்டாவும் தனியாகச் சால்னாவும் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கல்யாணமான முதல் வாரத்தில் தொடங்கிய பழக்கம். காட்டூரில் அவர்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். பரோட்டா அவளுக்குப் புதுசு. முதல் தடவை சாப்பிட்டபோது விரலைச் சூப்பிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்கத்தான் அத்தனை வருடமும் வாங்கிக்கொண்டு போனேன். அவளும் மறுக்காமல் சாப்பிட்டாள். நான் ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று அவள் வாயால் சொன்னதில்லை. இது போக டீக்கு பன், பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை நாஷ்டாவுக்கு ரவா உப்புமா.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை உண்டானாள். இரண்டும் நாலாம் மாதம் தாண்டவில்லை. வரவர அவள் இளைத்துத் துடைப்பக்குச்சி போல ஆகிவிட்டாள். ரத்த அளவு எட்டைத் தாண்டி ஏறவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கிறிஸ்டினா மாத்திரை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், இதையெல்லாம் வாயில் போடுகிறாயா, ஏரியில் போடுகிறாயா என்றே கேட்டுவிட்டாராம்.

போன வருடம் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவோம். ஒறுத்தல் என்போம். பெரும்பாலும் கறியை விடுவார்கள். சிலர் சாராயத்தை விடுவார்கள். எங்கள் படகில் ஒருவன் டீயை விட்டுவிட்டு நாற்பது நாளும் எல்லோர் மேலும் எரிந்து விழுவான். நான் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மாதா முன்னால் முட்டி போட்டு, பெனிட்டாவின் உடம்பு தேற வேண்டும், அதற்காக நாங்கள் இருவரும் ஈஸ்டர்வரை பரோட்டா, பன், பிஸ்கட், ரவை எதையும் தொடமாட்டோம் என்று நேர்ந்துகொண்டேன். பரோட்டா எனக்கு உயிரான பண்டம். உயிரானதை விட்டால்தானே ஒறுத்தல்.

மூன்றாவது வாரம் பெனிட்டா மீன் அலசிக்கொண்டே பாடினாள். நான் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் பாடி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு நினைவே இல்லை. சோறு வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். முகத்தில் கொஞ்சம் தசை பிடித்தது. மாதா புதுமை செய்துவிட்டாள் என்று குப்பம் முழுக்க அந்த அற்புதத்தைச் சொல்லித் திரிந்தேன்.

பெனிட்டா என்னைப் போல வாயால் யோசிக்கிறவள் அல்ல. வயிறு கெட்ட நாட்களில் கோவில் காலண்டரில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைப்பது அவள் வழக்கம். பிப்ரவரி முழுக்க ஒரே பெருக்கல். தவக்காலம் தொடங்கி ஒரு வாரத்துக்குப் பிறகு தாள் வெள்ளையாகக் கிடந்தது. அதை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் கிறிஸ்டினாவிடம் போனாள். பரோட்டாவும் பன்னும் விட்ட பிறகுதான் இப்படி என்று சொன்னாளாம். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது, கோதுமையில் உள்ள ஒரு சத்து சிலருடைய குடலைப் புண்ணாக்கிவிடும், அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது, இது அதுதானா என்று நான் சொல்ல முடியாது, ரத்தத்தில் பார்த்தால் தெரியும் என்று பொன்னேரி டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. மாதா செய்த புதுமையை இவர்கள் கோதுமையின் கணக்கில் சேர்க்கிறார்களே என்று கோபம். இருந்தாலும் வண்டியில் அழைத்துப் போனேன். டாக்டர் விசாரித்துவிட்டு, எப்போதும் சாப்பிடுவதையே இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள் என்றார். நாங்கள் ஒறுத்தலில் இருப்பதை அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பின்னால் உட்கார்ந்திருந்த பெனிட்டா என் தோளைத் தட்டினாள்.

"எப்பவும் சாப்புடுறதுன்னா அதுல பரோட்டாவும் சேத்தி தான மாமா?"

"ஒறுத்தல்ல கீறோம். மாதாக்குக் குடுத்த வாக்க ஒரு டாக்டருக்கோசரம் முறிப்பியா நீ?"

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேகமாக ஓட்டினேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய நாள் ரத்தம் கொடுத்தோம். அடுத்து வந்த பெரிய வாரத்தில் முடிவு வந்தது. ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. அந்தத் தாளை நான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். ஈஸ்டர் அன்று ஆதிகேசவன் கடையில் முதல் ஆளாக நின்று எட்டுப் பரோட்டா வாங்கிப் போய்த் தட்டில் வைத்தேன். பெனிட்டா தட்டைப் பார்த்தாள். எனக்கு வேண்டாம் மாமா, இதைச் சாப்பிட்டால்தான் எனக்கு வருகிறது, ரிப்போர்ட் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியும் என்றாள். வீட்டில் செலினும் அவள் பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"ரிப்போர்ட்லயே ஒண்ணும் இல்லன்னு போட்டுட்டான். இன்னும் இன்னா நடிப்பு?" என்றேன்.

அதுதான் நான் சொன்ன அந்த மட்டமான பதில். பெனிட்டா உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் நான் கடலிலிருந்து வந்தபோது சோறு வடித்து மூடி வைத்திருந்தது. அவள் இல்லை. அவள் தம்பி பெலிக்ஸ் வந்து காட்டூருக்கு அழைத்துப் போய்விட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள்.

இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று வீறாப்பாக இருந்தேன். வாரம் ஒன்று போனது. போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கும். பெலிக்ஸ் எடுத்தால், அக்கா தூங்குது மாமா என்பான். எந்நேரமும் ஒருத்தி தூங்குவாளா என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன். குழம்பு வைத்தேன். உப்பு எவ்வளவு என்று தெரியாமல் கடல்தண்ணீராக வைத்தேன். ஜன்னல் கம்பியில் அவள் தலைமுடியில் குத்தும் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று பலமுறை கை போகும், மனசு வராது. படகைக் கரையில் ஏற்றும்போது எல்லோர் வீட்டுப் பெண்களும் கூடையோடு நிற்பார்கள். பெனிட்டா ஏலத்துக்கு வருகிறவள் அல்ல. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

இரண்டாவது வாரம் தூண்டில் முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. கட்டுப்போட கிறிஸ்டினாவிடம் போனேன். மருந்து வைத்துக்கொண்டே, ரிப்போர்ட் எப்படி ஒன்றுமில்லாமல் வந்தது, ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் பெனிட்டா மறுபடி கோதுமை சாப்பிட்டாளா என்று கேட்டார். ஒறுத்தலை முறிக்கவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

கோதுமை உள்ளே போனால்தான் உடம்பு அதோடு சண்டை போடும், அந்தச் சண்டையைத்தான் ரத்தத்தில் பார்க்கிறார்கள், வாரக்கணக்கில் கோதுமையே போகாவிட்டால் சில பேருக்குச் சண்டை அடங்கி ஒன்றும் தெரியாமலே போகலாம் என்றார். பரிசோதனையைக் கெடுத்தது நான்தான். அவள் உடம்பைத் தேற்றியதும் நான் நேர்ந்துகொண்ட அதே ஒறுத்தல்தான். இரண்டும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. கை வலி மறந்துபோய்விட்டது. இனி என்ன செய்வது என்று கேட்டேன். பொன்னேரி டாக்டரிடம் போனிலேயே பேசினார். தினமும் இரண்டு துண்டு ரொட்டியாவது ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், ரொம்ப முடியாமல் போனால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றாராம். நீயே போய் அவளிடம் சொல் என்றார் கிறிஸ்டினா.

காட்டூருக்கு எங்கள் ஊரிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம். வாசலில் பெலிக்ஸின் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்பதை மட்டும் முழுங்கிவிட்டேன். அவள் விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். ஆறு வாரம் நான் தாங்குவேனா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு, சரி, சாப்பிடுகிறேன் என்றாள். பெலிக்ஸ், இங்கேயே கடையில் ரொட்டி கிடைக்கிறது, நான் வாங்கி வருகிறேன் என்றான்.

"நீ வாணாம். இவரு வாங்கினு வந்து தான் ஒம்போது வருஷம் துன்னேன். இதையும் இவரே வாங்கினு வரட்டும்" என்றாள் பெனிட்டா.

அப்படித்தான் நான் தினமும் காட்டூருக்குப் போகிறவன் ஆனேன். கடலிலிருந்து வந்து தூங்காமல் குளிப்பேன். மீன் வாடை போக இரண்டு முறை சோப்புப் போடுவேன். இஸ்திரி போட்ட சட்டை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அப்படிச் சீவிக்கொண்டதில்லை. ரொட்டியை அவள் கையில் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாள். உள்ளே வா என்று ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று. அந்த மூன்று நிமிடத்துக்காக மீதி நாள் முழுக்கக் காத்திருந்தேன். அவளைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே சாக்கு, அவளைப் படுக்கையில் தள்ளும் அந்த ரொட்டிதான். ஆறு வாரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். முடிந்துவிட்டால் நாளைக்கு எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வருவது என்றும் பயப்படுவேன். என்ன பிழைப்பு இது என்று வண்டியில் தனியாகத் திட்டிக்கொண்டே திரும்புவேன்.

நாலாவது வாரம் ஒருநாள் காற்று பலமாக இருந்ததால் கடலுக்குப் போகவில்லை. காலையிலேயே காட்டூர் போய்விட்டேன். வாசலில் அவள் இல்லை. பெலிக்ஸ் வயலுக்குப் போயிருந்தான். உள்ளே இருமல் போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் முட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டு பெனிட்டா படுத்திருந்தாள். வயிறு மட்டும் ஊதியிருந்தது, மற்றதெல்லாம் எலும்பு. பக்கத்தில் ஒரு வாளி. வியர்வையில் ஜாக்கெட் நனைந்திருந்தது. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடுவில் நாலு முறை அவளைத் தாங்கிப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். ஒன்பது வருடத்தில் அவள் நோவை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்சம் அடங்கியதும், இதோடு நிறுத்திவிடலாம், ரத்தமும் வேண்டாம் ரிப்போர்ட்டும் வேண்டாம், கோதுமை வேண்டாம் என்று இருந்துவிட்டால் போதாதா என்று கெஞ்சினேன். அவள் கண்ணைத் திறக்காமல் பேசினாள்.

"எனக்குப் பேரு வேணும் மாமா. பேரு இல்லாத நோவுக்கு நடிப்புன்னு நீ பேரு வெச்ச. இன்னும் ரெண்டு வாரம் தான், நான் துன்னுடுறேன்."

அவள் சாப்பிட்டாள். நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை நான் வாசலில் நிற்கவில்லை. தினமும் அவள் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்து, பிறகு வரும் இரண்டு மணி நேரமும் கூட இருந்துவிட்டுத்தான் வந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் வாயெடுப்பேன். ஊரையே அதட்டும் வாய் அங்கே வந்தால் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த முறை ரத்தத்தில் அந்தச் சண்டையின் அளவு எகிறியிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துளி கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்று உறுதியானது. டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். மருந்து கிடையாது, ஆயுளுக்கும் கோதுமை, மைதா, ரவை, சேமியா வேண்டாம், குடல் மெல்ல ஆறிவிடும் என்றார். பெனிட்டா தாளை வாங்கி அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். பிள்ளை உண்டானதைப் பற்றி டாக்டரம்மா கேட்டார். சொன்னாள். அதற்கும் இது காரணமாக இருந்திருக்கலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்றார். பெனிட்டா என் பக்கம் திரும்பினாள். நான் தரையில் ஓடு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நல்ல பாடு கிடைத்த நாட்களெல்லாம் வரிசையாக எனக்கு ஞாபகம் வந்தன.

பிறகு சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார்கள். கடைப் பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள், பூரி பொரித்த எண்ணெயில் மீன் பொரிக்காதீர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பெனிட்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நீங்கள் கோவிலுக்குப் போகிறவர்களா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றோம். பூசையில் கொடுக்கும் அப்பமும் கோதுமைதான் அம்மா என்றார்.

வாரத்துக்கு ஒன்று, இத்துனூண்டுதானே என்று பெனிட்டா கேட்டாள். இத்துனூண்டும் ஆகாது, வலி தெரியாவிட்டாலும் உள்ளே புண் ஆறாது என்றார் அந்த அம்மா. குழாய் விட்டபோது அழாதவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து வயதில் முதல் நன்மை வாங்கியதிலிருந்து அவள் ஒரு ஞாயிறு விட்டதில்லை. நற்கருணை வாங்குவதைத்தான் நாங்கள் நன்மை வாங்குவது என்போம். உடம்பு முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க்கூட அவள் வாங்கியிருக்கிறாள். அதுவும் எனக்கு இல்லையா என்று கேட்டாள். வேறு வழி இருக்கிறது, உங்கள் சாமியாரிடம் பேசுங்கள் என்றார் அந்த அம்மா.

அன்று கீழ்த்தளத்தில் இதே நோய்க்காரர்கள் கூடும் கூட்டம் இருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பெனிட்டாவை விடவே இல்லை. அரிசி மாவில் என்னென்ன செய்யலாம் என்று சொல்லி, போன் நம்பர் கொடுத்து, எந்நேரமும் கூப்பிடு, யாரும் நம்பவில்லை என்றாலும் கூப்பிடு என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் பெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கத்தில் சௌகார்பேட்டை சேட்டு ஒருவர். சப்பாத்தி இல்லாமல் தொண்டையில் இறங்காத குடும்பம். மனைவிக்கு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து நாலு வருடமாக வீட்டில் கோதுமை மாவே வாங்குவதில்லை, அரிசி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

பொன்னேரி ரயிலில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். மீஞ்சூர் தாண்டியதும், நம் வீட்டுக்கே போய்விடலாமா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரணும்னு ஆசையாத்தான் கீது மாமா. ஆனா பயமா கீது. விசேஷத்துல உங்க அக்கா தட்ட நீட்டும், நான் வாணாம்பேன், நடிக்கிறான்னு நாலு பேரு சொல்வாங்க. நீ இன்னா பண்ணுவன்னு எனக்குத் தெரியல."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பது வருடமாக நான் எதைப் பார்த்துக்கொண்டேன் என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? பொன்னேரியில் பெலிக்ஸ் வண்டியோடு காத்திருந்தான். அவள் ஏறிப் போய்விட்டாள். அந்த இரவைவிட நீளமான இரவு எனக்கு இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. பழவேற்காடு கோவிலில் பெரிய பூசை. காட்டூரிலிருந்து பெலிக்ஸோடு பெனிட்டாவும் வந்திருந்தாள். எங்கள் சாமியார் வெளியூர் போயிருந்ததால் அவளால் பேச முடியவில்லை, வேறொரு சாமியார் பூசை வைத்தார். எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் பாய். நான் தூணோரத்திலிருந்து அவள் தலையில் போட்டிருந்த முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. இரண்டு பக்கமும் எழுந்து வரிசை கட்டினோம். பெண்கள் பக்கம் பாய் முழுக்கக் காலியானது. நடுவில் பெனிட்டா மட்டும் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். ஒருவர் எழுந்து போகாவிட்டால் எங்கள் ஊர் அதைச் சும்மா விடாது. ஏதோ பெரிய பாவத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அதுவும் புருஷன் வீட்டை விட்டுப் போனவள். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பெனிட்டாவின் கண் மட்டும் சாமியார் கையில் இருந்த அப்பத்தின் மேலேயே இருந்தது. பசித்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

செலின் வாங்கிக்கொண்டு திரும்பியவள் அவள் பக்கத்தில் குனிந்தாள். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள். எங்கள் வீட்டில் யாருக்கும் ரகசியம் பேச வராது.

"இன்னாடி, நன்மை வாங்கல? புருஷன வுட்டுட்டுப் போயி இன்னா பாவம் பண்ண?"

எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தார்கள். நான் வரிசையை விட்டு விலகினேன். நடுவழியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய் அந்தப் பாயில் பெனிட்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆம்பிளை அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டு அப்போதுதான் முடிந்தது. நான் பேசியது கோவில் முழுக்கக் கேட்டது.

"பாவம் பண்ணது நானு அக்கா. இவளுக்கு நோவு, அதும் பேரு சீலியாக். அந்த அப்பம் கோதுமை, அது கூட இவ உடம்புக்கு ஆவாது. ஒம்போது வருஷம் இவ நோவுல கெடந்தா, நான் நடிக்கிறான்னு சொன்னேன்."

செலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள். சாமியார் கையில் அப்பத்தோடு ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி கொடுக்கத் தொடங்கினார்.

பெனிட்டா என்னைப் பார்க்கவில்லை. நீ போய் நன்மை வாங்கிக்கொண்டு வா, இன்னும் வரிசை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள். பார்க்கட்டும் என்றேன். இருவரும் வெறும் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சாமியார் கிண்ணத்தைத் துடைத்து மூடினார். கடைசி ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் முட்டி போட்டபோது அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயந்தரம் வண்டி எடுத்துனு காட்டூருக்கு வா மாமா" என்றாள். "என் பை கனமா கீது, பெலிக்ஸால தூக்க முடியாது."